லேஸ் சால்வையின் ஓட்டைகளுக்கு ஒரு கணக்கு உண்டு

கம்பளி நூலில் கையால் பின்னிய லேஸ் சால்வையைப் பார்த்ததும் பலரும் சொல்வது இரண்டு. "குரோஷா வேலை நல்லா இருக்கு" என்பது ஒன்று. "இதுக்கெல்லாம் கை நளினம் வேணும், நமக்கு வராது" என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை. குரோஷா வேறு, நிட்டிங் வேறு. கை நளினத்தைவிட எண்ணிக்கைதான் இந்த வேலையைத் தாங்குகிறது. இருபதுக்குள் கூட்டவும் கழிக்கவும் தெரிந்தால் லேஸ் பின்னலாம், கொஞ்ச நாளில் சொந்தமாக டிசைனும் போடலாம்.

மூன்றாவது தவறான எண்ணமும் ஒன்று உண்டு: ஓட்டை வர வேண்டிய இடத்தில் பின்னாமல் விட்டுவிடுவார்கள், அதனால் துளை விழுகிறது என்பது. உண்மையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அந்த இடத்தில் எதையும் விடுவதில்லை, கூடுதலாக ஒன்றைச் சேர்க்கிறார்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

லேஸ் என்ற பெயரில் பல வேலைகள்

துளைகளே வேலைப்பாடாக அமைந்த துணிக்கு லேஸ் என்று பெயர். செய்யும் முறை ஊருக்கு ஊர் மாறும். நாகர்கோவில் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிப் பெண்கள் பரப்பிய லேஸ், திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றி முறுக்கிச் செய்வது. ஆந்திராவின் நரசாபுரம் லேஸ் குரோஷா. அதில் ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒவ்வொரு முடிச்சும் அந்தந்த இடத்திலேயே முடிந்துவிடும். இந்தக் கட்டுரையில் பேசப் போவது இரண்டு ஊசிகளில் பின்னும் நிட்டிங் லேஸ். குளிர் நாடுகளில் கழுத்தைச் சுற்றும் ஸ்கார்ஃபும் தோளில் போடும் சால்வையும் அதில்தான் அதிகம் வந்தன.

ஒரு பழைய பனியனை எடுத்துக்கொள்ளுங்கள்

நிட்டிங் துணி நமக்குப் புதிது கிடையாது. திருப்பூரில் எந்திரத்தில் ஓடும் பனியன் துணி நிட்டிங்தான். பழைய பனியன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். முன்பக்கம் 'வி' வடிவங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நெடுக ஏறியிருக்கும். ஒவ்வொரு 'வி'யும் நூலின் ஒரு வளைவு. கீழே இருக்கும் வளைவுக்குள் நுழைந்து வந்து, தனக்கு மேலே இருக்கும் வளைவைத் தன் வழியே விட்டிருக்கும். இந்த வளைவுக்குக் கண்ணி என்று பெயர்.

வேட்டியில் நெடுக்காகவும் குறுக்காகவும் இரண்டு வகை நூல் ஓடும். கையால் செய்யும் நிட்டிங்கில் ஒரே நூல், முதல் கண்ணியிலிருந்து கடைசிக் கண்ணி வரை. இடது ஊசியில் கண்ணிகள் வரிசையாகக் காத்திருக்கும். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் விட்டு, நூலை இழுத்துப் புதுக் கண்ணி எடுத்ததும், பழையது ஊசியிலிருந்து இறங்கிவிடும். இப்படியே ஒவ்வொன்றாக. எல்லாம் வலது ஊசிக்கு மாறியதும் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றி, அடுத்த வரிசை.

ஒரு கண்ணியைக் காப்பாற்றுவது அதற்கு மேலே நிற்கும் கண்ணி மட்டுமே. மேலே ஒன்றும் இல்லாமல் விட்டால் அது கழன்று, கீழே உள்ளதையும் அவிழ்த்து, நெடுக ஏணிபோல் இறங்கும். நைந்த பனியனில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே "விட்டுவிடுவதால் துளை" என்பது நடக்காத காரியம். விட்டால் ஓடிவிடும்.

துளை எப்படி விழுகிறது

பின்னிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில், எந்தக் கண்ணிக்குள்ளும் ஊசியை விடாமல், நூலை மட்டும் வலது ஊசியின் மேல் ஒரு சுற்று போடுகிறோம். இதை நூல்சுற்று என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வழக்கம்போல அடுத்த கண்ணியைப் பின்னுகிறோம். அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது அந்தச் சுற்றும் ஒரு கண்ணியாக ஊசியில் உட்கார்ந்திருக்கும். அதையும் மற்றவற்றைப் போலவே பின்னுகிறோம். மேலே அதற்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது, இனி அவிழாது. கீழே மட்டும் அதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அது எந்தக் கண்ணியிலிருந்தும் பிறக்கவில்லை. கீழே இருக்கும் அந்த இடைவெளிதான் துளை.

துளைக்கு இவ்வளவுதான் ரகசியம். ஆனால் ஒரு விளைவு உண்டு. 18 கண்ணிகள் இருந்த வரிசையில் ஒரு நூல்சுற்று போட்டால் 19 ஆகிவிடும். இரண்டு போட்டால் 20. இப்படியே போனால் துணி விரிந்துகொண்டே போகும். அதனால் எங்காவது இரண்டு கண்ணிகளுக்குள் ஒரே நேரத்தில் ஊசியை விட்டு, இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுகிறோம். இது குறைப்பு.

வீட்டு வரவு செலவு எழுதும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நூல்சுற்று வரவு, குறைப்பு செலவு. ஒரு வரிசையின் முடிவில் இரண்டும் சமமாக இருந்தால் கண்ணிகளின் எண்ணிக்கை மாறாது, துணியின் அகலமும் மாறாது. வரவைவிடச் செலவு கூடினால் துணி குறுகும், வரவு கூடினால் விரியும். லேஸ் டிசைன் என்று உலகம் முழுக்கப் பின்னப்படுவதெல்லாம் இந்த நோட்டின் வெவ்வேறு பக்கங்கள்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொன்னால்: கண்ணி என்பது நூலின் வளைவு. நூல்சுற்று துளையையும் தருகிறது, ஒரு கண்ணியையும் கூட்டுகிறது. குறைப்பு அந்தக் கூடுதலை ஈடுகட்டுகிறது.

அழகு பிறக்கும் இடம்

வரவும் செலவும் சமமாக இருந்தால் போதும் என்றேன். பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. லேஸின் அழகு முழுக்க இந்தச் சலுகையில் இருக்கிறது.

நூல்சுற்றும் குறைப்பும் ஒட்டி ஒட்டி வந்தால் ஒரு துளை விழும், சுற்றியுள்ள துணி நேராக இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு கண்ணிகள் இருந்தால், அந்த ஐந்தாறும் ஓர் இடம் தள்ளிப் போக வேண்டியிருக்கும். நூல்சுற்றிலிருந்து விலகி, குறைப்பை நோக்கிச் சாயும். இதையே மேல் வரிசைகளிலும் செய்தால் நேராக ஏற வேண்டிய கண்ணிகள் சரிந்து ஏறும். இலையின் நரம்பு, அலையின் வளைவு, விசிறியின் விரிப்பு எல்லாம் இந்தச் சாய்வால் வருபவை. வரைவதற்கென்று தனி நூலோ தனி வண்ணமோ கிடையாது.

குறைப்பிலும் இரண்டு விதம். சாதாரணமாக இரண்டைச் சேர்த்துப் பின்னினால் மேலே நிற்கும் கண்ணி வலப்பக்கம் சாயும். இரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துப் பின்வழியாகச் சேர்த்தால் இடப்பக்கம் சாயும். இலையின் ஒரு பாதிக்கு ஒன்று, மறுபாதிக்கு மற்றொன்று. புதிதாகப் பின்னுபவர்கள் "எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு, ஆனா இலை கோணலா இருக்கே" என்று குழம்பினால் தொண்ணூறு சதவீதம் காரணம் இதுதான்.

ஷெட்லாண்டின் ஓர் அலை

இதை ஓர் உண்மையான வேலைப்பாட்டில் பார்ப்போம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, 60 டிகிரி அட்சரேகையில், ஷெட்லாண்ட் தீவுகள் இருக்கின்றன. டிசம்பர் நடுவில் அங்கே பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். அந்தத் தீவுகளின் லேஸ் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புகழ்பெற்றது. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியிலும் இடம்பெற்றது. அங்கே இன்றும் பின்னப்படும் ஒரு வேலைப்பாட்டுக்கு ஓல்ட் ஷேல் என்று பெயர். 18 கண்ணிகள், நான்கு வரிசைகள். அவ்வளவுதான்.

முதல் வரிசை முழுக்க நேர்ப்பின்னல், அதாவது இதுவரை பார்த்த சாதாரணப் பின்னல். இரண்டாவது முழுக்க மறுப்பின்னல், அதாவது கண்ணியின் முதுகு நம்மைப் பார்க்கும்படி பின்னுவது. மூன்றாவது வரிசையில்தான் எல்லாம் நடக்கிறது. இரண்டு இரண்டாகச் சேர்த்து மூன்று குறைப்பு. அப்புறம் ஒரு நூல்சுற்று, ஒரு கண்ணி. இதையே ஆறு முறை. கடைசியில் மறுபடி மூன்று குறைப்பு. நான்காவது வரிசை முழுக்க நேர்ப்பின்னல். பின்பக்கத்திலிருந்து பின்னுவதால் முன்பக்கம் ஒரு வரப்பு எழும்பும்.

நோட்டைப் பார்ப்போம். முதல் மூன்று குறைப்பு ஆறு கண்ணிகளை மூன்றாக்கியது. நடுவிலிருந்த ஆறு கண்ணிகள், ஆறு நூல்சுற்றுகளோடு சேர்ந்து பன்னிரண்டாயின. கடைசி மூன்று குறைப்பு இன்னோர் ஆறை மூன்றாக்கியது. 3, 12, 3. கூட்டினால் 18. தொடங்கிய எண்ணிக்கையே. ஆனால் வரவு முழுக்க நடுவில், செலவு முழுக்க இரு ஓரங்களில். நடுவில் துணி இடம் போதாமல் விரிகிறது, ஓரங்களில் இறுகுகிறது. நேராகப் போக வேண்டிய வரிசை மேலும் கீழுமாக வளைகிறது, துணியின் விளிம்புகூட அலை அலையாக மடிகிறது. நான்கில் ஒரே ஒரு வரிசைதான் கவனம் கேட்கிறது, மற்ற மூன்றும் பேசிக்கொண்டே பின்னக்கூடியவை. முதல் லேஸாக இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஷெட்லாண்டின் வடகோடியில் அன்ஸ்ட் என்றொரு தீவு. அங்கே பின்னிய மிக மெல்லிய சால்வைகளுக்கு 'கல்யாண மோதிரச் சால்வை' என்ற பெயர் வந்தது. இரண்டு மீட்டர் அளவுள்ள சதுரச் சால்வை ஒரு மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். அதற்கான நூலை ஷெட்லாண்ட் ஆட்டின் கழுத்துப் பகுதியில் வளரும் மென்மையான ரோமத்திலிருந்து கையாலேயே நூற்றார்கள். அந்த ஆடுகளின் ரோமம் கோடையின் தொடக்கத்தில் தானாகவே தளரும்; கத்தரிக்காமல் கையால் பிடுங்கி எடுத்துவிடலாம்.

இவ்வளவு வேலைக்கும் அந்தப் பெண்களுக்குப் பல காலம் காசு கிடைக்கவில்லை. வியாபாரிகள் சால்வைக்குப் பதிலாகத் தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். இந்தப் பண்டமாற்று முறையை அரசு ஆணையம் ஒன்று விசாரித்து 1872-இல் அறிக்கை தந்தது. பின்னிய பெண்களே அதில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் ஒரு சால்வையைப் பார்த்து வியக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஓட்டை உள்ள துணி குளிர் தாங்குமா

தாங்கும். உடம்பைச் சூடாக வைப்பது நூலைவிட, நூல்களுக்கு நடுவே அசையாமல் தங்கும் காற்று. கம்பளி இழை சுருள் சுருளாக இருப்பதால் அந்தக் காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும். லேஸ் சால்வையை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றுவதால் ஒரு மடிப்பின் துளையை அடுத்த மடிப்பு மூடும். பலத்த காற்று அடிக்கும் இடத்தில் மட்டும் மேலே கோட் வேண்டும். ரஷ்யாவின் ஓரன்பர்க் பகுதிச் சால்வைகள் வெள்ளாட்டின் உள்ரோமத்தில் பின்னுபவை. யூரல் மலைத்தொடரின் தெற்கே, கடும் பனிக்காலம் உள்ள ஊர் அது. போடப் போட அந்த ரோமம் புசுபுசுவென எழும்பித் துளைகளை மறைத்துவிடும்.

சொந்தமாக ஒரு ஸ்கார்ஃப்

டிசைன் போடுவது என்றதும் பயப்பட வேண்டாம். வேலைப்பாட்டுக்கு எத்தனை கண்ணி, துணிக்கு எவ்வளவு அகலம் என்ற இரண்டு எண்களைப் பொருத்துவதுதான் அது.

நூல்: முதல் முறைக்குச் சாக்ஸ் பின்னும் தடிமனில் கம்பளி நூல், 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வருவது. அதைவிட மெல்லிய லேஸ் நூல் 100 கிராமுக்கு 800 மீட்டர் ஓடும், அது அப்புறம். வெளிர் நிறமாக இருந்தால் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியும். பல வண்ணம் கலந்த நூல் கடையில் கண்ணைப் பறிக்கும், பின்னியபின் வேலைப்பாட்டை விழுங்கிவிடும்.

ஊசி: மெல்லிய நூலுக்கு மெல்லிய ஊசி என்றுதான் தோன்றும். லேஸுக்கு அது பொருந்தாது. சாக்ஸுக்கு அந்த நூலை இரண்டரை மில்லிமீட்டர் ஊசியில் பின்னுவார்கள் என்றால், லேஸுக்கு 4 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். தளர்வாக இருந்தால்தான் துளை திறக்கும். மூங்கில் ஊசி நல்லது, உலோகத்தில் கண்ணி சட்டென்று வழுக்கும்.

இனி மாதிரித் துண்டு. ஓல்ட் ஷேல் 18 கண்ணி. இரண்டு தொகுதிக்கு 36, இரு ஓரங்களுக்கும் மும்மூன்று சேர்த்து 42 கண்ணி ஏற்றி, நான்கு வரிசைத் தொகுதியை ஆறு முறை பின்னி முடியுங்கள். ஓர மூன்று கண்ணிகளை எல்லா வரிசையிலும் நேராகவே பின்னினால் விளிம்பு சுருளாது. (பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளுமே, அந்தத் தொல்லை இங்கேயும் உண்டு.) துண்டை நனைத்து, இழுத்து குண்டூசி குத்திக் காயவைத்து, பிறகு அளவெடுங்கள். நனைக்காமல் எடுத்த அளவு லேஸில் எதற்கும் உதவாது.

ஒரு தொகுதி 10 சென்டிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் அகல ஸ்கார்ஃபுக்கு மூன்று தொகுதி: 54 கண்ணி, ஓரங்களுக்கு 6, ஆக 60. உங்கள் ஸ்கார்ஃபின் டிசைன் முடிந்தது. நூல் எவ்வளவு வேண்டும் என்பதற்குச் சமையலறைத் தராசு போதும். பத்துத் தொகுதி உயரம் பின்னியதும் நூல் உருண்டையை எடை போடுங்கள். 20 கிராம் குறைந்திருந்தால் 100 கிராமில் கணக்குப்படி ஐம்பது தொகுதி வரும். ஆனால் முடிப்பதற்கும் கொஞ்சம் வேண்டும், அதனால் 48-இல் நிறுத்தலாம்.

பிறகு நீங்களே வேலைப்பாடு உருவாக்க நினைத்தால் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். ஒரு கட்டம் ஒரு கண்ணி, வெறுங்கட்டம் நேர்ப்பின்னல், வட்டம் நூல்சுற்று, சாய்கோடு குறைப்பு. இதற்குச் சார்ட் என்று பெயர். கீழிருந்து மேலாகவும், முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகவும் படிக்க வேண்டும், ஏனென்றால் பின்னுவதும் அப்படித்தான். ஒவ்வொரு வரிசையிலும் வட்டங்களையும் கோடுகளையும் எண்ணிப் பாருங்கள். சமமாக இருந்தால் அது பின்னக்கூடிய வரிசை. நூலைத் தொடுவதற்கு முன்பே காகிதத்தில் தவறைப் பிடித்துவிடலாம் என்பது பெரிய நிம்மதி.

கணக்கைச் சமன் செய்யாமல் விட்டால் முக்கோணம்

ஸ்கார்ஃபில் வரவும் செலவும் சமம். முக்கோணச் சால்வையில் வேண்டுமென்றே சமன் செய்யாமல் விடுகிறோம்.

7 கண்ணி ஏற்றுங்கள். இரண்டு பின்னி ஒரு நூல்சுற்று, ஒன்று பின்னி ஒரு நூல்சுற்று, நடுக் கண்ணியைப் பின்னி ஒரு நூல்சுற்று, ஒன்று பின்னி ஒரு நூல்சுற்று, கடைசி இரண்டு. ஈடுகட்டக் குறைப்பு எதுவும் இல்லை, அதனால் 11. திரும்பி வரும் வரிசையை வெறுமனே பின்னுங்கள். அடுத்த முறையும் அதே நான்கு இடங்களில், அதாவது இரு ஓரங்களிலும் நடுக் கண்ணியின் இரு பக்கங்களிலும், நூல்சுற்று. 15. கழுத்தின் நடுவில் தொடங்கி, முதுகில் தொங்கும் முனை வரை சால்வை வளரும். உள்ளே வேலைப்பாடு சேர்ப்பதென்றால் அங்கே மட்டும் வரவு செலவு சமமாக இருக்க வேண்டும். இரண்டு வரிசைக்கு நான்கு என்ற வளர்ச்சி அப்போதுதான் கெடாது.

100 வரிசை முடிந்ததும் ஊசியில் 207 கண்ணி இருக்கும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 50-வது வரிசையில் பாதி முடிந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அப்போது கால் பங்கு நூல்தான் செலவாகியிருக்கும், ஏனென்றால் மேலே போகப் போக வரிசைகள் நீளம். பாதி நூல் தீர்வது 70-வது வரிசைக்குப் பக்கத்தில். நூல் போதுமா என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள், கண்ணளவை நம்ப வேண்டாம்.

ஒரு காப்பும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து வரிசைக்கு ஒருமுறை, வெறும் வரிசை ஒன்றில், மெல்லிய பருத்தி நூலை மழுங்கிய தையலூசியில் கோத்து ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி வைத்துவிடுங்கள். மேலே எங்காவது எண்ணிக்கை தவறினால், அந்த நூல் வரை அவிழ்க்கலாம், அதற்குக் கீழே ஒன்றும் ஓடாது. இதைச் செய்யச் சோம்பினால் லேஸில் விலை அதிகம்.

நனைத்து விரிப்பது

பின்னி முடித்ததும் கையில் இருப்பது பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. சுருங்கி, கசங்கி, துளைகள் மூடிக் கிடக்கும். பலர் இந்தக் கட்டத்தில் மனம் உடைந்து மூலையில் போட்டுவிடுகிறார்கள். பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைப்பதற்கு பிளாக்கிங் என்று பெயர். கம்பளி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் அதுதான். ஈரமாகும்போது அந்த இழைக்குள்ளிருக்கும் மெல்லிய பிணைப்புகள் சில விட்டுப்போகும், காயும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மறுபடி சேரும். அதனால் இழுத்த நிலையில் காய்ந்தால் இழுத்தபடியே நிற்கும், துளைகள் திறந்தே இருக்கும். அக்ரிலிக் நூலுக்கு இந்தக் குணம் கிடையாது, தண்ணீரால் அதற்கு ஒன்றும் ஆகாது. பருத்திக்குக் கம்பளியின் நீட்சி இல்லை. முதல் லேஸுக்குக் கம்பளி வாங்குங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி மேலிருந்து அமுக்கி ஈரத்தை எடுங்கள். மெத்தையிலோ தடித்த விரிப்பிலோ போட்டு, நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். ஓல்ட் ஷேல் என்றால் ஒவ்வொரு அலையின் முகட்டிலும் ஓர் ஊசி. ஷெட்லாண்டில் இதற்கென்று மரச் சட்டங்கள் இருந்தன. சால்வையின் ஓரத்தைக் கயிற்றால் சட்டத்தோடு கட்டி, விறைப்பாக இழுத்து வெயில் பட நிறுத்தி வைப்பார்கள்.

ஓரம் எவ்வளவு இழுத்தும் நீளவில்லை என்றால் தவறு கடைசி வரிசையில் இருக்கிறது, முடிக்கும்போது இறுக்கி முடித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிசையை மட்டும் அவிழ்த்து, இரண்டு அளவு பெரிய ஊசியில் தளர்வாக முடித்து, மறுபடி நனையுங்கள். முழுக்கக் காயும் வரை ஊசிகளை எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் ஒரு நாள் பிடிக்கலாம். பிறகு எப்போது துவைத்தாலும் இந்த வடிவம் கலைந்துவிடும், அப்போதும் இதேபோல் இழுத்துக் குத்திக் காயவைக்க வேண்டும்.